குன்றும் நடுங்கும் இரவு

பத்துப்பாட்டுள் ஏழாவதாக எண்ணப்படும் நெடுநல்வாடையை நாம் கல்லூரியில்தான் முதன்முதலாகக் கற்றோம். நக்கீரர் பாடிய அப்பாட்டு 188 அடிகளால் ஆனது. கணவனைப் பிரிந்த அரசிக்கு நெடியதாகவும், போர்ப் பாசறையிலிருக்கும் அரசனுக்கு நல்லதாகவும் அமைந்த வாடை என்று பெயர்க்காரணம் எழுதினோம். வேலில் வேம்பு சூட்டப்பட்டதால் தலைவன் பாண்டியன் எனத் தெரிகிறது, ஆதலின் இது புறப்பாட்டே என்னும் நச்சினார்க்கினியர் கருத்தையும் எழுதினோம். நல்ல மதிப்பெண் கிடைத்தது. ஆனால் பாட்டின் தொடக்கத்தைப் 'பருவ வருணனை' என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டோம்.

அத்தொடக்கத்தில் இருப்பவர்கள் இடையர்கள். மலையை வளைத்துப் பெய்த மழையால் வெள்ளம் பெருக, அதை வெறுத்து மாடுகளை வேற்று நிலத்துக்கு ஓட்டிச் செல்கின்றனர். பழகிய மண்ணைப் பிரிந்த கலக்கம் அவர்களை வாட்டுகிறது. சூடிய காந்தள் மாலை நீரில் நனைந்து குலைகிறது. கொள்ளி நெருப்பில் குளிர்காய்ந்தும் கன்னங்கள் நடுங்குகின்றன. விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன, குரங்குகள் ஒடுங்குகின்றன, பறவைகள் கீழே வீழ்கின்றன. பாலுண்ண வந்த கன்றைத் தாய்ப்பசுவே உதைத்துத் தள்ளுகிறது. குன்றையே குளிரச் செய்யும் நள்ளிரவு அது.

எம் ஊர் காமயகவுண்டன்பட்டி. எம் தந்தையார் மேகமலைச் சரிவுகளில் மலைமாடு மேய்த்தவர். கல்லூரி விடுதியில் இதை எவரிடமும் நாம் சொன்னதில்லை. தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'விவசாயம்' என்றே எழுதிக் கொடுத்தோம்.

ஒரு விடுமுறையில், பசு தன் கன்றை உதைப்பது புலவரின் மிகைக்கூற்று என்று தம்பிக்கு விளக்கிக்கொண்டிருந்தோம். திண்ணையில் கயிறு திரித்துக்கொண்டிருந்த தந்தையார் தலைநிமிர்ந்தார்.

"மிகையெல்லாம் இல்லப்பா. நாலு நாள் விடாம மழை பெஞ்சா மாடு வெறைச்சுப் போகும். மடியில வாய் வச்சா உதைக்கத்தான் செய்யும். அப்போ கன்னை நாமதான் நெஞ்சோட அணைச்சுக்கிட்டு உக்காரணும். பாட்டு எழுதினவரு கிடையில படுத்தவராத்தான் இருக்கணும்."

நாம் வாயடைத்துப் போனோம். எம் சிறுவயதில் ஓர் ஐப்பசி மாதம் நினைவில் எழுந்தது. ஓடைகளெல்லாம் பெருக்கெடுத்து, மலையேறியவர் இறங்க முடியாமலும், ஊரிலிருப்பவர் ஏற முடியாமலும் ஆறு நாட்கள் கழிந்தன. அம்மா ஒவ்வோர் இரவும் அவருக்கென்று சோறு எடுத்து வைப்பார். காலையில் அது பழையசோறாக எங்களுக்கு வரும். ஏழாம் நாள் தந்தையார் ஒரு கன்றைத் தோளில் சுமந்தபடி வந்து சேர்ந்தார். அம்மா ஒன்றும் பேசாமல் அடுப்பை மூட்டினார்.

பாட்டை மீண்டும் படித்தோம். இடையரிடமிருந்து நகரத்துக்கும், நகரத்திலிருந்து அரண்மனைக்கும் புலவர் செல்கிறார். தந்தக் கட்டிலில் அரசி உறக்கமின்றிக் கிடக்கிறாள். இறுதியில், தூறலும் வாடையும் வீசும் நள்ளிரவில் அரசன் பாசறையில் உலாவிப் புண்பட்ட வீரரைக் காண்கிறான். எல்லார் மீதும் வீசுவது ஒரே வாடைதான். ஆயினும் மாளிகையில் அதைத் தடுக்கக் கதவுண்டு. இடையனுக்கோ கைக்கொள்ளி ஒன்றே உண்டு. இயற்கை ஆள்பார்த்து அடிப்பதில்லை. காப்புத்தான் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. சுவரில்லாதவர்களிடத்திலிருந்து புலவர் பாட்டைத் தொடங்கியது அதனாலேயே என்று எமக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்த இடையனுக்காகக் காத்திருந்தவள் பாட்டில் இல்லை. அவளை நாம் அறிவோம். எமக்குப் பழையசோறு பிழிந்து வைத்தவர் அவர்.

பெத்லகேம் வெளியில் இரவெல்லாம் கிடை காத்த இடையரை ஆண்டுதோறும் குடிலில் வைத்து வணங்குகிறோம். மலைமேல் நனைந்த இடையரின் பிள்ளையென்று சொல்ல நாமோ நாணினோம்.

திருவில்லிபுத்தூர்–மேகமலை 2021இல் புலிகள் காப்பகமாயிற்று. காப்பகங்களில் கால்நடை மேய்ச்சலுக்கு உயர்நீதிமன்றம் 2022இல் தடை விதித்தது. காட்டைக் காக்க வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. எனினும் 'வேற்று நிலம்' தேடும் இடையரின் கலக்கம் பாட்டோடு முடிந்துவிடவில்லை.

தந்தையார் இன்று இல்லை. ஐப்பசி மழை இறங்கும் இரவுகளில் நெடுநல்வாடையை எடுத்து, அந்த முதல் அடிகளை மட்டும் உரக்கப் படிக்கிறோம். தந்தையின் தொழில் என்னவென்று இப்போது யாரேனும் கேட்டால், மாடு மேய்த்தவர் என்றே சொல்கிறோம்.