சயனைடு மேட்டில் நடந்த படப்பிடிப்பு

ஆம்பூர், பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்துப் பழைய குடும்பங்களில் விசாரித்தால், கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கப் போன தாத்தா ஒருவர் பல வீடுகளில் இருப்பார். 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கம் நடத்த வந்தபின், அன்றைய வடாற்காட்டிலிருந்து நிலமில்லாத மக்கள், பெரும்பாலும் தலித்துகள், கூட்டம் கூட்டமாகப் போனார்கள். எங்கள் குடும்பத்திலும் ஒரு கிளை சாம்பியன் ரீஃப் தொழிலாளர் லைன் வீட்டில்தான் வளர்ந்தது. பள்ளி விடுமுறை விட்டால் நானும் அங்கேதான் கிடப்பேன்.

எங்கள் விளையாட்டு இடம் சயனைடு மேடு. தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய கல்மாவைக் கொட்டிக் கொட்டி உயர்ந்த குன்று அது. கோடைக்காற்று அடித்தால் அந்தப் புழுதி சோற்றுப் பானை வரைக்கும் வரும். அந்த மேட்டில்தான் இயக்குநர் பிரசாந்த் நீல், யஷை வைத்து ‘கே.ஜி.எஃப்.’ எடுத்தார். 2018 டிசம்பரில் முதல் பாகம் வந்தது. அதன்பின் இந்தியா முழுக்க இளைஞர்கள் அந்த மூன்றெழுத்தைச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

செட் போட லாரிகள் மேட்டில் ஏறிய நாட்களை அங்கிருக்கும் என் மாமா இன்றும் ஆசையாகச் சொல்வார். சுரங்கம் மூடி வெறிச்சோடிய ஊரில் ராத்திரியிலும் விளக்கு எரிந்தது. தெருப் பையன்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கூட்டத்தில் நின்றார்கள். 2019-இல் இரண்டாம் பாகத்துக்காக வந்தபோது, மேடு பாழாகிறது என்று ஒருவர் வழக்குப் போட, உள்ளூர் நீதிமன்றம் படப்பிடிப்பை நிறுத்தி வைத்தது. அந்தக் கதையும் ஊரில் ஓடும்.

ஆனால் படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்த மாமா சொன்னது வேறு: “நாங்க அடிமைங்க இல்லடா. கொடி புடிச்சி சங்கம் கட்டினவங்க.”

அது சத்தியம். படத்தில் தொழிலாளர்களை அடிமைகளாக அடைத்து வைத்திருக்கும் நராச்சி சுரங்கம் கற்பனை. நிஜத் தங்கவயல் 1956-இல் மைசூர் அரசின் கைக்கு வந்து, 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் ஆனது. சிவசமுத்திரத்து மின்சாரம் 1902-லேயே அங்கே வந்துவிட்டது. கைரேகை எடுப்பதை எதிர்த்து 1930-இல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரின் எழுத்துகளை அச்சிட்டுக் காத்த சித்தார்த்தா புத்தகசாலை இயங்கியதும் அங்கேதான். துன்பமும் குறைவில்லை. 3 கிலோமீட்டருக்கும் கீழே, வெந்து கிடக்கும் பாறைக்குள் இறங்கினார்கள். பாறை வெடித்துச் செத்தவர்கள் உண்டு. கல்தூசி நுரையீரலில் படிந்து இருமியே தேய்ந்தவர்கள் உண்டு. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் மாமா மகன் ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வந்தான். தாத்தா போன வழியே பேரன் திரும்பி வந்த குடும்பம் எங்களுடையது.

2024-இல் பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’ வந்தது. வடாற்காட்டு வேப்பூரிலிருந்து தங்கம் தேடிப் போகும் மக்களின் கதை. எங்கள் வட்டாரத்தின் பெயரைத் திரையில் கேட்டபோது நெஞ்சு நிறைந்தது. இருந்தாலும் அதுவும் சினிமாதான். மாமா வயதுக்காரர்கள் பார்த்ததை எந்தப் படமும் முழுதாகச் சொல்லிவிடாது. ஷிப்டு சங்கு, கூண்டில் இறங்கும்போது அடைக்கும் காது, சம்பள நாள் கடைத்தெரு என எல்லாம் அவர்கள் வாயில்தான் இருக்கின்றன.

சுரங்கம் மூடி இருபது ஆண்டுகள் தாண்டிவிட்டன. உள்ளே இறங்கியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஆம்பூரில் ரயிலேறி பங்காருப்பேட்டையில் மாறினால் மாரிக்குப்பம் போய்விடலாம். படம் பார்த்து மேட்டைக் காண விரும்பும் தம்பி தங்கைகளே, மேட்டில் நின்று படம் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு கீழே லைன் வீட்டுத் திண்ணையில் இருக்கும் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்வதையும் அதே போனில் பதிவு செய்யுங்கள்.