கேட்டுக்கு இந்தப் பக்கம்

2023 நவம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை. மணி ஐந்தேகால். பொம்மனஹள்ளியில் ஓசூர் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பாதி தூக்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்து அவர் தன் சைக்கிளை வெளியே உருட்டினார். வயது 46. சொந்த ஊர் ஊத்தங்கரைப் பக்கம். வாரத்தில் ஆறு நாள் ஊரார் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுவதும் ரிம் கோணலை நிமிர்த்துவதும்தான் பிழைப்பு. ஏழாவது நாள் தன் சைக்கிளை ஓட்டுவார். அதுவும் ரோட்டில் அல்ல, காட்டில்.

காடு என்றால் பெரிய காடு இல்லை. கனகபுரா ரோட்டை ஒட்டிய துரஹள்ளி. சுமார் 600 ஏக்கர். பாறை, புதர், தைல மரம். (தைல மரத்துக்குக் கன்னடத்தில் 'நீலகிரி' என்று பெயர். நீலகிரிக்காரர்கள் கேட்டால் மனம் நோவார்கள்.) மயில் உண்டு. சுற்றிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள். பாறைகளுக்கு நடுவே மாடும் மனிதரும் நடந்து நடந்து உண்டான ஒற்றையடித் தடங்களில்தான் பெங்களூரின் மௌண்டன் பைக் ஆட்கள் பலரும் ஓட்டிப் பழகினார்கள். பாறை ஏறுபவர்களுக்கும் அதுவே பள்ளிக்கூடம்.

இவருக்கு அந்த வகை சைக்கிள் அறிமுகமானது 2009 வாக்கில். எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் குடியேறிய கம்ப்யூட்டர் கம்பெனி இளைஞர் ஒருவர் கொண்டுவந்தார். முள் முள்ளாகப் பட்டை போட்ட அகல டயர், முன்பக்கம் ஸ்பிரிங் ஃபோர்க், மோட்டார் பைக் போல டிஸ்க் பிரேக். "விலையைக் கேட்டேன். என் கடை அட்வான்ஸைவிட அதிகம். தொடவே கை நடுங்குச்சு" என்கிறார். தொட்டார். பிரித்தார். மறுபடி பூட்டினார். ஒரு ஸ்க்ரூகூட மிச்சம் ஆகவில்லை. பிறகு அவர்களின் நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள். ஒருவர் அமெரிக்கா புறப்படும்போது பாக்கிக்கு ஈடாக ஒரு ஃபிரேமை விட்டுப் போனார். அதில் வேறொருவர் கழித்த ஃபோர்க், இன்னொருவர் மாற்றிய பின்சக்கரம் என்று சேர்ந்து இவருக்கும் ஒரு சைக்கிள் ஆயிற்று. "அண்ணா, நீங்களும் வாங்களேன்" என்று ஒரு ஞாயிறு அழைத்தார்கள்.

அன்று கற்ற முதல் பாடம் காற்றை இறக்குவது. தார் ரோட்டுக்கு 40 பவுண்டு அழுத்தம் வைத்த டயரை, காட்டு ஓரத்தில் நிறுத்தி 25 ஆகக் குறைக்க வேண்டும். அப்போதுதான் ரப்பர் பாறையைப் பிடிக்கும். காலமெல்லாம் காற்றடித்துக் காசு வாங்கியவருக்கு, நல்ல டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவது பாவம் செய்வதுபோல் இருந்ததாம். இரண்டாவது பாடம், இறக்கத்தில் சீட்டை விட்டு எழுந்து உடம்பைப் பின்னால் தள்ளுவது. மூன்றாவதுதான் கடினம். கல்லைப் பார்க்கக் கூடாது, கல்லுக்குப் பக்கத்தில் உள்ள வழியைப் பார்க்க வேண்டும். கல்லைப் பார்த்தால் சக்கரம் கல்லுக்கே போகும். முழங்கையில் இருக்கும் தழும்பு மூன்றாவது பாடத்தைப் படித்த அடையாளம்.

அந்த ஞாயிறு பொம்மனஹள்ளியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் மிதித்து, மற்ற ஏழு பேரோடு காட்டு ஓரத்தில் சேர்ந்தபோது காவலர் குறுக்கே நின்றார். "ஆகல்லா. சிறுத்தை இருக்கு" என்றார், கன்னடமும் தமிழும் கலந்து.

பொய் சொல்கிறார் என்று யாரும் சொல்லிவிட முடியாது. முந்தைய புதன்கிழமை, நவம்பர் 1 அன்று, ஒரு சிறுத்தை செத்திருந்தது. காட்டில் அல்ல, பொம்மனஹள்ளி, கூட்லு கேட் பக்கம். சில நாட்களாக அடுக்குமாடிகளுக்கு நடுவே அலைந்த அதைப் பிடிக்க முயன்றபோது வனத்துறைக் கால்நடை மருத்துவர் காயமடைந்தார். கடைசியில் குண்டு பாய்ந்தது, சிறுத்தை இறந்தது. 2022 டிசம்பரில் துரஹள்ளி பக்கமும் சிறுத்தை நடமாட்டம் என்று எச்சரிக்கை வந்ததுண்டு. சைக்கிள்காரர் ஒருவரை அது அடித்துவிட்டால் மெமோ வாங்கப் போவது இந்தக் காவலர்தான். "உனக்கு ஞாயித்துக்கிழமை ஆட்டம். எனக்கு வேலை போயிடும்ப்பா" என்று அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

ஆனால் சிறுத்தை வராத வாரங்களிலும் காரணங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. ஒரு வாரம் காட்டுத்தீ அபாயம். ஒரு வாரம் மேலிடத்து உத்தரவு. ஒரு வாரம் காரணமே இல்லை. இன்னொரு வாரம் கேட்பாரே இல்லை. சட்டம் என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம், 26ஆவது பிரிவில், காப்புக் காட்டுக்குள் அத்துமீறி நுழைவதையும் மாடு மேய்ப்பதையும் ஒரே மூச்சில் குற்றமாக்குகிறது. கர்நாடகத்தின் 1963 வனச் சட்டமும் அதே வழியில் போகிறது. சைக்கிள் என்ற சொல்லே தேவைப்படவில்லை. நுழைந்தாலே போதும். ஆக, ஓட்டுபவர்களுக்கு அங்கே இருந்தது உரிமை அல்ல, கண்டுகொள்ளாமல் விடப்பட்ட ஒரு சலுகை. சலுகைக்கு ரசீது கிடையாது.

2021இன் தொடக்கத்தில் இந்த நிலைமையில் ஒரு வேடிக்கை நடந்தது. அந்த ஜனவரியில்தான் பசுமை வழி மெட்ரோ எலச்சேனஹள்ளியிலிருந்து சில்க் இன்ஸ்டிட்யூட் வரை நீண்டு, துரஹள்ளிக்கு அருகே ரயில் வந்து நின்றது. அதே சமயத்தில் காட்டின் ஒரு பகுதியை 'ட்ரீ பார்க்' ஆக்கும் திட்டம் வெளியானது. காட்டுக்குள் மரப் பூங்கா. கடலுக்குள் நீச்சல் குளம் கட்டுவது போல. அக்கம்பக்கத்துக் குடியிருப்போர், பறவை பார்ப்பவர்கள், பாறை ஏறுபவர்கள், சைக்கிள்காரர்கள் எல்லோரும் அட்டை பிடித்து நின்றார்கள். இவரும் கடையைப் பாதி நாள் மூடிவிட்டுப் போய் நின்றார். காட்டைக் காடாகவே விடுங்கள் என்பதுதான் கோஷம். எதிர்ப்புக்குப் பிறகு திட்டம் நகரவில்லை.

காட்டைக் காடாக விடு என்று கோஷம் போட்டவர்களிடம், சரி, அப்படியானால் உன் சைக்கிளையும் வெளியே வை என்று யாராவது சொன்னால் என்ன பதில்? அந்தக் கேள்வியைக் குழுவில் கேட்டவர் இவர்தான். சிலருக்கு முகம் சுருங்கியது.

இந்தச் சண்டை துரஹள்ளிக்கு மட்டும் உரியது அல்ல. இந்த விளையாட்டின் பிறப்பிடமே இதில்தான் சிக்கியது. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் மேரின் கவுண்டியில், 1976 அக்டோபரில், சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் மலைப்பாதையில் பந்தயம் விட்டார்கள். இறங்கி முடிப்பதற்குள் பின்பிரேக்கின் கிரீஸ் புகைந்து போகும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர். பத்து ஆண்டுகள் போவதற்குள் அதே மலையில் குறுகிய தடங்களில் சைக்கிளுக்குத் தடை, அகலப் பாதைகளில் மணிக்கு 15 மைல் வேகக் கட்டுப்பாடு. 1988இல் சைக்கிள்காரர்கள் சங்கம் வைத்துப் பேச்சுவார்த்தைக்கு வந்தார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மௌண்டன் பைக் இடம்பெற்றது. பதக்கம் கிடைத்த பிறகும் பாதை கிடைத்தபாடில்லை. நேர்மாறாக, ஸ்காட்லாந்தின் 2003 நிலச் சீர்திருத்தச் சட்டம் பொறுப்போடு நடந்துகொள்ளும்வரை நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் எல்லோருக்கும் உரிமை தந்தது. அங்கே சிறுத்தை கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மண்ணைக் கெடுப்பது யார் என்பதிலும் வழக்கு உண்டு. 1994இல் வெளியான மாண்டனா மாநில ஆய்வு ஒன்று, ஈரத் தடங்களில் சைக்கிள் சக்கரத்தைவிடக் குதிரைக் குளம்பும் மனிதக் காலும் அதிகம் மண்ணைப் பெயர்க்கின்றன என்று கண்டது. சைக்கிள்காரர்கள் இதை வேதவாக்காகச் சொல்வார்கள். இவர் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்வதில்லை. "பிரேக்கை இறுக்கிப் பிடிச்சு சக்கரத்தை இழுத்துட்டுப் போறவன் கோடு கிழிக்கிறான். அடுத்த மழையில அது வாய்க்கால் ஆயிடும். நான் கண்ணால பாத்திருக்கேன்" என்கிறார். குழுவில் புதிதாக வந்த இருவர் தாவிக் குதிப்பதற்காகப் பாறைத் துண்டுகளை அடுக்கி மேடு கட்டியபோது, அதைக் கலைத்துப் போட்டவரும் இவரே. மழை பெய்த மறுநாள் காட்டுக்குள் போகக் கூடாது என்று ஒரு வழக்கம் குழுவில் இருக்கிறதென்றால் அதற்கும் இவருடைய நச்சரிப்புதான் காரணம்.

தமிழ்நாட்டில் வேறு மாதிரி நடந்தது. 2018 மார்ச்சில் குரங்கணி மலைத் தீயில் மலையேறப் போன 23 பேர் இறந்த பிறகு அரசு விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகள், கட்டணம், வழிகாட்டி என்று அதிகாரபூர்வமாகத் திறந்தது. கர்நாடகமும் 2024 ஜனவரியில் குமார பர்வதத்தில் கூட்டம் நெரிந்த பிறகு முன்பதிவு இல்லாத மலையேற்றத்தை நிறுத்தியது. இரண்டுமே நடப்பவர்களை நினைத்துச் செய்தவை. சக்கரத்தோடு வருபவர் எந்த வரிசையில் நிற்பது?

கேட்டருகே நின்ற எட்டுப் பேரில் ஏழு பேருக்கு அன்று பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. "சக்லேஷ்பூர் பக்கம் ஒரு எஸ்டேட் இருக்கு. தனியார் இடம், யாரும் கேக்க மாட்டாங்க. அடுத்த வாரம் கார்ல ஏத்திட்டுப் போயிடலாம்" என்றார் ஒருவர். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் ஆளுக்கு நாலாயிரம் ஆகும். "அண்ணா, நீங்க ஒண்ணும் தர வேணாம், நாங்க பாத்துக்கறோம்" என்று இன்னொருவர் உடனே சொன்னார். நல்ல பையன்தான். "இல்ல தம்பி, திங்கட்கிழமை காலையில கடை திறக்கணும்" என்றார் இவர்.

ஒரு வயதான பெண் நான்கு ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். காவலர் அவரையும் மடக்கினார். அந்தம்மா வாதாடவில்லை. ஆடுகளைத் திருப்பி வேலியோரமாகவே ஓட்டிக்கொண்டு போனார். அவருக்காக இதுவரை யாரும் அட்டை பிடித்ததில்லை.

மற்றவர்கள் காப்பி குடிக்கப் புறப்பட்டார்கள். இவர் மட்டும் கைப்பம்பை எடுத்துச் சக்கரத்தின் பக்கத்தில் குந்தினார். ஏற்கெனவே 25க்கு இறக்கியிருந்த காற்றை மறுபடி ஏற்றினால்தான் தார் ரோட்டில் 15 கிலோமீட்டர் திரும்ப முடியும். காவலர் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். முன்சக்கரம் முடிந்து பின்சக்கரத்துக்கு வந்தபோது கேட்டார்:

"இந்த மாதிரி சைக்கிள் என்ன விலை ஆகும்?"

"இதுக்கு விலை இல்ல சார். ஆறு சைக்கிளோட மிச்சம் இது."

காவலர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார், பம்ப் அடிக்கும்போது சைக்கிள் ஆடாமல் இருக்க.