நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர்

செயின்ட் லூயிஸ், மிசூரி

அன்புள்ள மாமாவுக்கு,

அருள்புரத்தில், தங்கள் கட்டிங் கூடத்துக்கு அடுத்த பனியன் கம்பெனியில், துணி அடுக்கை வெட்டும்போது மணிக்கட்டில் கத்தி பாய்ந்த இளைஞனுக்கு, மேல்தோலில் போட்ட தையல் ஆறி இரண்டு மாதமாகிவிட்டபோதிலும், சுண்டுவிரலும் மோதிரவிரலின் பாதியும் இன்றளவும் மரத்தே கிடக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். நரம்பை வளரச் செய்யும் ஊசி ஒன்று உண்டென்று யாரோ சொன்னதாகவும், அந்த வஸ்து கண்டுபிடிக்கப்பட்ட ஊரிலேயே நான் குடியிருப்பதால் விசாரித்து எழுத வேண்டுமென்றும் கேட்டிருந்தீர்கள். விசாரித்தேன்; படிக்கவும் செய்தேன். அந்தப் பிள்ளை ஊசிக்காகக் காத்திராமல், இந்தக் கடிதம் தங்கள் கைக்குக் கிடைத்த அன்றே ஒரு கை அறுவை நிபுணரிடம் போகவேண்டும் என்பதே என் அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களைச் சற்று விஸ்தாரமாகவே எழுதுகிறேன்.

வெட்டுண்ட நரம்பில் என்ன நிகழ்கிறது என்பதை 1850-ஆம் ஆண்டிலேயே அகஸ்டஸ் வாலர் என்ற ஆங்கிலேயர் தவளையின் நாவில் கண்டறிந்து எழுதினார். வெட்டுக்கு அப்பாலுள்ள இழை, தன் மூல உயிரணுவோடு தொடர்பற்றுப் போவதால், சில நாட்களில் சிதைந்து மறைகிறது. ஆனால் அவ்விழையைப் போர்த்தியிருந்த ஷ்வான் உயிரணுக்கள் மடிவதில்லை. அவை சிதைவுகளை அகற்றி, வரிசையாக நின்று, வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் புரதங்களைத் தாமே சுரந்து, வெட்டுக்கு மேற்புறத்திலிருந்து புறப்பட்டு வரும் புதிய இழைகள் ஏறிப் படர்வதற்கு, அவரைக்கொடிக்குப் போட்ட பந்தல் போலக் காத்திருக்கின்றன. இழை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளரும். வெட்டுண்ட முனைகள் விலகிக் கிடந்தாலோ, வந்த இழைகள் வழி காணாமல் அங்கேயே சுருண்டு, தொட்டால் சுரீரென்று வலிக்கும் ஒரு கட்டியாகிவிடும்.

அக்காரணிகளில் முதலாவதை உலகுக்குக் காட்டியவர் ரீட்டா லெவி-மொந்தால்சீனி என்ற இத்தாலியப் பெண்மணி. யூதர்களுக்கு எதிராக முசோலினியின் அரசு 1938-இல் இயற்றிய சட்டங்களால் பதவியை இழந்த அவர், தூரின் நகரத்தில் தம் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கி, தையலூசிகளைத் தீட்டி நுண்கருவிகளாகச் செய்துகொண்டு, கோழிமுட்டைக் கருவில் நரம்புகள் வளர்வதையும் மடிவதையும் ஆராய்ந்தார்; குண்டுவீச்சு மிகுந்தபோது கிராமத்து வீடொன்றுக்குக் கருவிகளை எடுத்துச் சென்று அங்கும் அந்த வேலையைத் தொடர்ந்தார். தையலூசியால் பிழைக்கும் நம் ஊரார் இந்த ஒரு செய்தியையாவது அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. விக்டர் ஹாம்பர்கரின் அழைப்பை ஏற்று, சில மாதங்கள் தங்கிச் செல்லும் எண்ணத்தோடு 1947-இல் இவ்வூர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இங்கே பணிபுரிந்தார். எலியின் புற்றுக்கட்டித் துணுக்கைக் கருவில் ஒட்டவைத்தால் நரம்பிழைகள் பெருகி ஓடுவதைக் கண்டு, கட்டியிலிருந்து கரைந்து பரவும் ஏதோ ஒரு வஸ்துவே இதற்கு மூலமென்று ஊகித்த அவர், அத்தகைய கட்டியுள்ள இரண்டு எலிகளை உடன்கொண்டு 1952-இல் ரியோ டி ஜெனீரோவுக்குப் பறந்து சென்று, கட்டித் துணுக்கின் அருகே கண்ணாடியில் வளர்த்த நரம்புமுடிச்சைச் சுற்றி இழைகள் வட்டமாகக் கிளம்புவதைத் தம் கண்ணாலேயே கண்டார். மறுவருஷம் ஸ்டான்லி கோஹன் என்ற ரசாயன நிபுணர் வந்து சேர்ந்தார். பாம்பின் விஷத்திலும், பின்னர் ஆண் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் அவ்வஸ்து அபரிமிதமாக இருப்பது தெரியவர, அதைப் பிரித்தெடுக்க முடிந்தது. 1986-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இத்தனை மகத்தான கண்டுபிடிப்பு, வெட்டுண்ட நரம்புக்கு நிரூபணமான மருந்தாக இன்றுவரை ஆகவில்லை என்பதை வருத்தத்தோடு எழுதுகிறேன். முயற்சிக்குக் குறைவில்லை. நீரிழிவால் கால் நரம்பு கெட்டவர்களிடம் முதலில் நம்பிக்கையூட்டிய இந்தக் காரணி, 1,019 நோயாளிகளை 48 வாரம் கவனித்த பெரிய பரிசோதனையில் பலனளிக்கத் தவறியது. அம்முடிவு 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஊசி போட்ட இடத்தில் வலியும் கூடிற்று. ஏனெனில் இது வலியை உணரும் நரம்புகளைக் கூர்மையாக்கும் இயல்புடையது. மேலும் இது உணர்ச்சி நரம்புகளுக்கே பெரிதும் உரியது. தசையை அசைக்கும் நரம்புகள் வேறு காரணிகளை நாடுகின்றன. அவற்றுள் ஒன்றை விலங்குகளின் நரம்பில் ஓரிடத்தில் மிகுதியாகச் சுரக்கச் செய்து பார்த்தபோது, இழைகள் அங்கேயே மொய்த்துத் தங்கிவிட்டன. போகவேண்டிய தசைக்குப் போய்ச் சேரவில்லை. வளரச் செய்வது எளிது என்றும், உரிய இடத்தில் உரிய காலம் வரை மட்டும் வளரச் செய்து மேலே அனுப்பிவைப்பதே அரிது என்றும் அப்போதுதான் விளங்கிற்று. கண்ணின் கருவிழி நரம்பு கெட்டுப் புண்ணானவர்களுக்கு மட்டும், மருந்து நேரே பட வேண்டிய இடத்தில் படுவதால், இது சொட்டு மருந்தாகப் பயன்பட்டு, ஐரோப்பாவில் 2017-இலும் அமெரிக்காவில் 2018-இலும் அனுமதி பெற்றது. ஆராய்ச்சிக்கூடங்களில் வேலை ஓயவில்லை. ஒருநாள் கைகூடும் என்றே நம்புகிறேன். ஆனால் அந்த நாளுக்காக அருள்புரத்துப் பிள்ளையின் கை காத்திருக்க இயலாது.

தசைக்கு ஒரு தவணை உண்டு மாமா. ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் நரம்பிழை வந்து சேராவிட்டால் அது மெலிந்து, பின்னர் இழையே வந்தாலும் ஏற்காது. மணிக்கட்டிலிருந்து விரல்நுனிக்கு நாளொரு மில்லிமீட்டர் வீதம் ஏறத்தாழ ஆறு மாதமாகும் என்பதைத் தாங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆகையால் நரம்பு அறுந்திருந்தால், நுண்ணோக்கியின் கீழ், தலைமயிரினும் மெல்லிய இழையால் அதைத் தைப்பதே இன்றைக்குள்ள மெய்யான சிகிச்சை. முனைகள் எட்டாவிட்டால் கெண்டைக்காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்து இடையே வைத்து ஒட்டுகிறார்கள். இரு சக்கர வாகன விபத்தில் தோளிலேயே நரம்பு அறுந்தவர்களுக்குக் கை வரைக்கும் இழை வளர்வதற்குள் தவணை முடிந்துவிடுமாதலால், வேலை கெடாதபடி அருகிலுள்ள நரம்பிலிருந்து ஒரு கிளையைப் பிரித்து, தசைக்குப் பக்கத்திலேயே இணைக்கும் முறையைப் பிரான்ஸின் ஒபெர்லின் 1994-இல் எழுதி வெளியிட்டார். இவையெல்லாம் கடல் கடந்து தேடவேண்டியவை அல்ல. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் மருத்துவர் ஆர். வெங்கடசாமி வளர்த்த கை அறுவைப் பிரிவும், கோவை கங்கா மருத்துவமனையில் மருத்துவர் எஸ். ராஜசபாபதி வளர்த்த பிரிவும் தேசம் அறிந்தவை. பல்லடம் வழியாகப் போனால் கோவை நமக்கு எட்டாத தூரமா?

மரத்த விரலைச் சாதாரணமாக எண்ணிவிடவும் வேண்டாம். நம் கொல்லிமலையில் 1914-இல் பிறந்து, 1946-இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளரின் முடங்கிய விரல்களை அறுவையால் நிமிர்த்திய பால் பிராண்ட், அவர்களுடைய விரல்கள் நோயால் தாமே அழுகி விழுவதில்லை, வலி தெரியாமையால் தினந்தோறும் படும் காயத்தாலேயே அழிகின்றன என்று கண்டு சொன்னார். ஸ்பரிச உணர்ச்சியற்ற விரலோடு அயர்ன் டேபிளில் நிற்கும் ஒருவனுக்கு, தோல் வெந்தது புகை கண்ட பிறகுதான் தெரியும். சிகிச்சை நடக்கும் மாதங்களில் அந்தப் பிள்ளையைச் சூடும் கத்தியும் இல்லாத செக்கிங் வேலையில் வைக்கும்படி அவன் முதலாளியிடம் சொல்லுங்கள்.

தங்கள் கூடத்துக்கும் இரண்டு வேண்டுகோள். கத்தி மெஷினைப் பிடிக்கும் எவரும், வேலை தாமதமாகும் என்ற சமாதானத்துக்கு இடமின்றி, துணியைப் பிடிக்கும் கையில் இரும்பு வலைக் கையுறை அணியவேண்டும். கையில் எவ்வளவு சிறிய வெட்டு விழுந்தாலும், தையல் போடும் முன்பே, கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொரு விரல்நுனியையும் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்கும்படி செய்யுங்கள். தோல் மூடிவிட்டால் உள்ளே அறுந்த நரம்பு எவர் கண்ணுக்கும் தெரியாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமாதலால், ஆட்கள் எல்லோருடைய பெயரையும் சேர்ந்த முதல் நாளே இ.எஸ்.ஐ. காப்பீட்டுத் திட்டத்தில் பதிந்துவிடுங்கள்; வேலையில் பட்ட காயத்தால் உழைக்க முடியாத காலம் எத்தனை மாதமானாலும், சம்பளத்தில் 90 விழுக்காடு அவர்களுக்குக் கிடைக்க அந்தத் திட்டம் வழி செய்திருக்கிறது.

தங்கள் அன்புள்ள மருமகன்