டேபிளைக் காப்பி எடுத்தா எல்லாம் வந்துருமா?

பொட்டி தட்டுற மக்கள் எல்லாருக்கும் ஒரு பழக்கம் உண்டு. ஒரு டேபிள்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி அதை ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கறது. 'ரசீது_பழசு', 'ரசீது_பேக்கப்', 'ரசீது_பேக்கப்2', 'ரசீது_கடைசி_நிஜமா'ன்னு எந்த ஆபீஸ் டேட்டாபேஸைத் திறந்தாலும் இந்தக் குடும்பம் அங்க குடியிருக்கும் :-) நல்ல பழக்கம்தான், குறை சொல்லலை. ஆனா காப்பி எடுத்த பிறகு என்ன பார்ப்போம்? இதுல எத்தனை வரிசை, அதுல எத்தனை வரிசைன்னு எண்ணுவோம். எண்ணிக்கை ஒத்துப்போச்சா, டீ குடிக்கக் கிளம்பிடுவோம்.

எண்ணிக்கையில மாட்டாத சமாச்சாரம் நிறைய இருக்கு. இந்தப் பதிவு அதைப் பத்தித்தான். (கட்டளைகளைத் தமிழ் எழுத்துலயே எழுதியிருக்கேன். அடிக்கும்போது இங்கிலீஷ்ல அடிச்சுக்குங்க சாமிகளா.)

டேபிள்னா அதுல ரெண்டு சரக்கு இருக்கு. ஒண்ணு, கண்ணுக்குத் தெரியற வரிசைகள். இன்னொண்ணு, அந்த வரிசைகளுக்கான சட்டதிட்டம். ஒவ்வொரு காலத்துக்கும் (நேரம் காலம் இல்லீங்க, மேலிருந்து கீழ போற காலம்) தனித்தனியா குணம் இருக்கும். இது எண்ணா எழுத்தா, எவ்வளவு நீளம், காலியா விடலாமா கூடாதா, ஒண்ணும் தரலைன்னா என்ன டீஃபால்ட், எண் தானா ஏறணுமா, எந்த எழுத்து வகை. இதுக்கு மேல டேபிளுக்குன்னு ப்ரைமரி கீ, யுனிக் கீ, இண்டெக்ஸ், செக், ஃபாரின் கீ, ட்ரிக்கர். வரிசையைப் பார்த்தா இதெல்லாம் தெரியாது. தப்பான ஒண்ணு உள்ள வரப் பார்க்கும்போதுதான் எழுந்து நின்னு தடுக்கும்.

எல்லாருக்கும் பிடிச்ச குறுக்குவழி 'கிரியேட் டேபிள் புதுசு ஆஸ் செலக்ட் * ஃப்ரம் பழசு'. ஒரே வரி, ஒரே தட்டு. ஆனா இந்தக் கட்டளை பழைய டேபிளைக் காப்பி எடுக்கறதில்லை. ஒரு கேள்வி கேட்டு, வந்த பதிலைப் போட்டு வைக்க ஒரு டேபிள் செய்யுது. பதில்ல வரிசைகள்தான் இருக்கும், சாவியும் சட்டமும் எப்படி வரும்? போஸ்ட்கிரெஸ்ல இப்படி எடுத்தா 'நாட் நல்' கூட வராது. எஸ்க்யூலைட்ல ப்ரைமரி கீ, டீஃபால்ட் எல்லாம் போயி, 'வார்கேர்(20)'னு எழுதி வெச்சது வெறும் 'டெக்ஸ்ட்'டா மாறியிருக்கும். மைஎஸ்க்யூஎல்ல நாட் நல்லும் டீஃபால்ட்டும் வரும், இண்டெக்ஸ் ஒண்ணுகூட வராது, ஆட்டோ இன்க்ரிமென்ட்டும் வராது. எஸ்க்யூஎல் சர்வர்ல இதுக்குப் பேரு 'செலக்ட் இன்ட்டூ'. அதுல ஐடென்டிட்டி வரும், கீ, டீஃபால்ட், ட்ரிக்கர் வராது. கணக்குப் போட்டு வர்ற காலம் வெறும் மதிப்பா உறைஞ்சு போயிடும்.

இதுல எதுக்குமே எர்ரர் வராதுங்கறதுதான் விஷயம். 'வெற்றி'ன்னு சொல்லிட்டுப் போயிடும்.

நான் கண்ணால பார்த்த கதை ஒண்ணு சொல்றேன். 2008. கடன் தவணை வசூல் பண்ற ஒரு கம்பெனி, பேரு வேணாம். மென்பொருள் வெளியாள் கையில, மைஎஸ்க்யூஎல். ரசீது டேபிள் பெருத்துப் போச்சுன்னு, ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி அந்த ஆளுங்க நடப்பு நிதியாண்டு ரசீதை மட்டும் மேல சொன்ன ஒரே வரியில புது டேபிளுக்கு எடுத்து, பழசோட பேரை மாத்தி, புதுசுக்கு 'ரசீது'ன்னு பேர் வெச்சுட்டாங்க. எண்ணிப் பார்த்தாங்க, சரியா இருந்துச்சு.

திங்கக்கிழமை கவுன்ட்டர்ல ஸ்க்ரீன் ஊர ஆரம்பிச்சது. இண்டெக்ஸ் இல்லாததால ஒவ்வொரு தேடலுக்கும் மொத்த டேபிளையும் மேய வேண்டியிருந்தது. ஸ்க்ரீன் நகரலைன்னா நாம என்ன பண்ணுவோம்? இன்னொரு தடவை அமுக்குவோம். அவங்களும் அமுக்கினாங்க. ரசீது நம்பர் ஃபாரம் திறக்கும்போதே வந்துரும். அதனால முன்னாடியெல்லாம் ரெண்டாவது அமுக்கலை யுனிக் கீ திருப்பி அனுப்பிடும். இப்ப அந்தக் கீயே இல்லை. ரெண்டும் உள்ள போயிடுச்சு. ஒரே தப்புதான் ஸ்க்ரீனையும் மெதுவாக்கி, காவலையும் எடுத்திருக்கு.

சாயந்திரம் கணக்கு முடிக்கும்போது சிஸ்டம் சொல்ற தொகை அதிகம், டிராயர்ல இருக்கற காசு கம்மி. முதல் நாள் 1,850 ரூபா. சிஸ்டம் பொய் சொல்லாது, அப்ப யாரு? கவுன்ட்டர்ல உக்கார்ந்திருந்த அக்கா. நாலு நாள் தினமும் வீட்டுக்குக் கிளம்பும்போது எல்லார் முன்னாடியும் கைப்பையைத் திறந்து காட்டிட்டுப் போனாங்க. குறைஞ்ச காசைச் சம்பளத்துல பிடிக்கச் சொல்லி சீட்டும் எழுதியாச்சு.

அஞ்சாம் நாள் வேற வேலையா போன என்னை 'கொஞ்சம் பாருங்களேன்'னு இழுத்துவிட்டாங்க. அந்தக்கா சொன்னது இதுதான்: "தம்பி, நான் ஒரு ரூபா எடுக்கலை. ஆனா கம்ப்யூட்டர் தப்பா சொல்லுமான்னு எல்லாரும் கேக்குறாங்க, எனக்குப் பதில் சொல்லத் தெரியலை."

டேபிளைத் திறந்தேன். திங்கக்கிழமை காலைல இருந்து விழுந்த எல்லா வரிசைக்கும் ஐடி பூஜ்யம்! ஆட்டோ இன்க்ரிமென்ட் போனதும் அந்தக் காலத்துக்கு டீஃபால்ட் 0ன்னு ஆகியிருந்தது. ப்ரைமரி கீயும் இல்லாததால யாரும் ஏன்னு கேக்கலை. 'ஷோ கிரியேட் டேபிள்'னு ரெண்டு டேபிளுக்கும் அடிச்சுப் பக்கத்துல பக்கத்துல வெச்சா, பழசுல கீழ நாலு வரி அதிகம். அந்த நாலு வரிதான் அந்தக்காவோட மானம். இரட்டை ரசீதைப் பட்டியல் போட்டேன், குறைஞ்ச காசு பைசா பிசகாம ஒத்துப்போச்சு. சம்பளப் பிடித்தம் ரத்தாச்சு. நாலு நாள் பையைத் திறந்து காட்டினதை யாரு ரத்து பண்றது?

நிற்க. சரியா எடுக்கறது எப்படி? விதி ஒண்ணுதான்: முதல்ல சட்டத்தை எடுக்கணும், அப்புறம் வரிசையைக் கொட்டணும்.

மைஎஸ்க்யூஎல்ல 'கிரியேட் டேபிள் புதுசு லைக் பழசு'. காலங்களோட குணம், இண்டெக்ஸ், ஆட்டோ இன்க்ரிமென்ட் எல்லாம் வரும். அப்புறம் 'இன்சர்ட் இன்ட்டூ புதுசு செலக்ட் * ஃப்ரம் பழசு'. போஸ்ட்கிரெஸ்ல அடைப்புக்குறிக்குள்ள 'லைக் பழசு இன்க்ளூடிங் ஆல்'. அந்த 'இன்க்ளூடிங் ஆல்' இல்லாம வெறும் 'லைக்' போட்டா பேரு, வகை, நாட் நல் இதோட நின்னுடும். ஆரக்கிள்ல 'டிபிஎம்எஸ்_மெட்டாடேட்டா' பேக்கேஜ்ல 'கெட்_டிடிஎல்' கேட்டா டேபிளோட முழு ஜாதகமும் எழுத்துல வரும். எஸ்க்யூஎல் சர்வர்ல மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவுல டேபிள் மேல ரைட் க்ளிக் பண்ணி ஸ்க்ரிப்ட் எடுக்கலாம். எஸ்க்யூலைட்ல 'எஸ்க்யூலைட்_மாஸ்டர்'ங்கற டேபிள்ல டேபிளை உருவாக்கின வாசகம் அப்படியே இருக்கும். பேரை மாத்தி ஓட்டவேண்டியதுதான்.

இதுலயும் ஓட்டை இருக்கு. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் ரெண்டுலயும் 'லைக்' போட்டா ஃபாரின் கீயும் ட்ரிக்கரும் வராது. போஸ்ட்கிரெஸ்ல 'சீரியல்' காலம் இருந்தா, புது டேபிளும் பழசோட அதே சீக்வென்ஸ்ல இருந்துதான் எண் வாங்கும். பழசை 'கேஸ்கேட்' போட்டுத் தூக்கினா சீக்வென்ஸ் போகும், அதோட புதுசோட டீஃபால்ட்டும் போகும். 2017ல வந்த பத்தாம் பதிப்புல இருந்து இருக்கற ஐடென்டிட்டி காலத்துல இந்தத் தொல்லை இல்லை, புதுசுக்குத் தனி சீக்வென்ஸ் கிடைச்சிடும். இன்னொண்ணு, பழசோட பேரை மாத்தினா, அதை நோக்கி நிக்கற மத்த டேபிள்களோட ஃபாரின் கீ, பேர் மாறின பழசையேதான் பிடிச்சுக்கிட்டு நிக்கும்.

நம்மள மாதிரி தமிழ்ல டேட்டா வெச்சிருக்கறவங்களுக்குத் தனி எச்சரிக்கை. கட்டளை எதுக்கு, நானே கையால டேபிள் எழுதிடுவேன்னு கிளம்புறவங்க கவனிங்க. 'முருகன்'னு எழுதினா யூனிகோடுல 7 குறி, யூடிஎஃப்-8ல ஒவ்வொண்ணுக்கும் 3 பைட், மொத்தம் 21. ஆரக்கிள்ல 'வார்கேர்2(20 கேர்)'னு இருந்ததை 'வார்கேர்2(20)'னு எழுதிட்டா, சாதாரண அமைப்புல அது 20 பைட்டுன்னு ஆகிடும். முருகனுக்கே இடம் இல்லை! அதாவது பரவாயில்லை, எர்ரர் வந்து சொல்லிடும். எஸ்க்யூஎல் சர்வர்ல 'என்வார்கேர்' இருந்த இடத்துல 'வார்கேர்' போட்டு வரிசையைக் கொட்டினா, அந்தக் காலத்துக்கு யூடிஎஃப்-8 கொலேஷன் இல்லாத பட்சத்துல, சத்தமில்லாம எல்லாப் பேரும் கேள்விக்குறியா மாறிடும். வரிசை எண்ணிக்கை மட்டும் சரியா இருக்கும். மூலத்தை அழிச்சிருந்தா அந்தப் பேரெல்லாம் போனது போனதுதான்.

அதனால காப்பி எடுத்ததும் எண்றதோட நிக்காதீங்க. ரெண்டு டேபிளோட விளக்கத்தையும் எடுத்து வரிக்கு வரி ஒப்பிடுங்க. புது டேபிள் நிஜ வேலைக்குப் போகுதுன்னா அதுக்கு முன்னாடி ஒரு ட்ரான்ஸாக்ஷனைத் திறந்து, வேணும்னே தப்பான வரிசை உள்ள தள்ளிப் பாருங்க. ஏற்கனவே இருக்கற நம்பர், காலியா இருக்கக்கூடாத இடத்துல காலி, இல்லாத வாடிக்கையாளர். ஒவ்வொண்ணுக்கும் டேபிள் உங்களைத் திட்டணும். திட்டினா சந்தோஷமா ரோல்பேக் பண்ணிட்டு டீ குடிக்கப் போங்க. திட்டாம வாங்கிக்கிட்டா, அந்தத் திட்டை வேற எங்கயோ கவுன்ட்டர்ல உக்கார்ந்திருக்கற யாரோ வாங்கப் போறாங்கன்னு அர்த்தம்.