வருண லிங்கத்தோடு நின்றுபோன கிரிவலம்

என் கணவருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் திருவண்ணாமலையில் கிரிவலம் வருவதாக வேண்டிக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து நடமாடத் தொடங்கியதும், 2024 சித்ரா பௌர்ணமியன்று என் நாத்தனாரோடு கிளம்பினேன்.

அண்ணாமலையைச் சுற்றி 14 கிலோ மீட்டர். வெறுங்காலோடு நடக்க வேண்டும். "வேண்டுதல்னா பச்சைத் தண்ணி பல்லுல படக்கூடாது" என்று நாத்தனார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நானும் அன்று காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. சித்திரை வெயில் வேறு. பஸ்ஸிலேயே புடவை தொப்பலாக நனைந்துவிட்டது.

மாலையில் ராஜகோபுரத்தின் முன் கற்பூரம் ஏற்றிவிட்டு நடந்தோம். இந்திர லிங்கம், அக்னி லிங்கம், சேஷாத்திரி ஆசிரமம், ரமணாசிரமம் என்று ஊரோடு ஊராகப் போகும் வழி இது. மலையை ஒட்டிய பக்கம் சித்தர்கள் வலம் வருவதாக நம்பிக்கை. அதனால் நாமெல்லாம் சாலையின் இடது ஓரமாகத்தான் நடக்க வேண்டும். எம லிங்கத்தருகே நாத்தனார் மனமிரங்கினார். "இளநீர் குடிச்சா தப்பில்லே" என்றார். இரண்டு இளநீர் குடித்தேன். பிறகு வழியெல்லாம் தண்ணீராகக் குடித்தேன். நிருதி லிங்கம் தாண்டும்போதே கெண்டைக்கால் சதை துடிக்க ஆரம்பித்தது. வருண லிங்கத்தின் எதிரில் ஒரே இழுப்பு! சதை கல்லாகச் சுருண்டுகொண்டது. "ஐயோ" என்று அலறி உட்கார்ந்துவிட்டேன்.

மோர் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாள் ஓடி வந்தார். என் முழங்காலை நீட்டி, கால் விரல்களை முகத்தை நோக்கி மெதுவாக இழுத்துப் பிடித்தார். ஓரிரு நிமிஷத்தில் பிடிப்பு விட்டது. உப்புப் போட்ட மோரை நீட்டி, "ஒடம்புல உப்பு இல்லாட்டி காலு எப்பிடிம்மா நடக்கும்?" என்றார். ஆனால் நாலடி வைத்ததும் மறுபடி இழுத்தது. ஊர்க்காரர் ஒருவரின் புண்ணியத்தில் வண்டி கிடைத்துத் திரும்பினேன்.

வேண்டுதல் பாதியில் நின்றதை நினைத்து அன்றிரவு தூக்கமே வரவில்லை. "விரதத்துல ஏதோ கொறை" என்று நாத்தனார் முணுமுணுத்ததும் மனதில் முள்ளாய்த் தைத்தது.

எங்கள் டாக்டரம்மா கேட்டுவிட்டுச் சிரித்தார். "குறை விரதத்துல இல்லே, பழக்கத்துல. வீட்டுக்குள்ளேயே நடமாடற கால், திடீர்னு 14 கிலோ மீட்டர் நடந்தா சதை களைச்சுப் போகும். களைச்ச சதைதான் முதல்ல பிடிச்சுக்கும். பட்டினியும் வியர்வையும் சேர்ந்தா கேட்கவே வேண்டாம்" என்றார்.

இளநீர்தான் குடித்தேனே என்றேன். அதற்கு அவர் சொன்ன கணக்கு எனக்குப் புதிது. ஒரு லிட்டர் வியர்வையில் சுமார் 1 கிராம் சோடியம் போய்விடுமாம். ஆளுக்கு ஆள் இது கூடும், குறையும். பொட்டாசியம் போவது அதில் ஐந்தில் ஒரு பங்குதான். இளநீரிலும் வாழைப்பழத்திலும் பொட்டாசியம் தாராளம், உப்பு குறைவு. நிறைய வியர்த்த பின் வெறும் தண்ணீராகவே குடித்தால் மிச்சமுள்ள உப்பும் நீர்த்துப்போகும். மோர்க்கார அம்மாள் படிக்காமலே சொன்னது இதைத்தான்!

மெக்னீசியம் மாத்திரை வாங்கட்டுமா என்று கேட்டேன். குறைபாடு இல்லாதவர்களுக்கு அதனால் பிடிப்பு நிற்கும் என்று ஆராய்ச்சிகளில் உறுதிப்படவில்லை, சாப்பாட்டிலேயே கிடைக்கும் என்று சொல்லிவிட்டார்.

அதன்பின் மூன்று மாதம் தயாரானேன். காலையில் 2 கிலோ மீட்டரில் ஆரம்பித்து, வாரா வாரம் கொஞ்சம் கூட்டி, 9 கிலோ மீட்டர் வரை நடந்தேன். நடந்து வந்ததும் சுவரில் கை ஊன்றி, குதிகால் தரையில் பதிய, கெண்டைச் சதையை நீட்டிவிடுவேன். சாப்பாட்டில் கேழ்வரகுக் கூழோ அடையோ வாரம் மூன்று நாள். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. கீரை, எள்ளுப் பொடி, கொண்டைக்கடலைச் சுண்டல், வேர்க்கடலை இவற்றில் மெக்னீசியம் கிடைக்கிறது. தினம் ஒரு வாழைப்பழமும் தயிரும் உண்டு.

2025 தைப் பௌர்ணமிக்கு மறுபடி போனோம். வெயில் கடுமையில்லாத மாதமாகப் பார்த்தே போனேன். மதியம் ரசம் சாதமும் உருளைக்கிழங்குக் கறியும் சாப்பிட்டேன். நாத்தனார் முகம் சுளித்தார், நான் கண்டுகொள்ளவில்லை. தூக்கில் உப்புப் போட்ட நீர்மோர், ஒரு டப்பாவில் உப்பு நார்த்தங்காய், ஒரு பாட்டிலில் உப்புச் சர்க்கரைத் தண்ணீர். காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீருக்கு 6 சிறு ஸ்பூன் சர்க்கரை, அரை சிறு ஸ்பூன் உப்பு, தலைதட்டி அளக்க வேண்டும். ஒரேயடியாகக் குடிக்காமல், லிங்கத்துக்கு லிங்கம் சில வாய் குடித்தேன்.

வருண லிங்கத்தருகே அந்த மோர்க்கார அம்மாளைத் தேடினேன். கூட்டத்தில் காணவில்லை. அங்கே ஒரு நிமிஷம் நின்று கும்பிட்டேன். அடி அண்ணாமலை தாண்டியதும் நாத்தனாரே காலைத் தேய்த்துக்கொண்டு, "எனக்கும் ஒரு வாய் மோர் குடேன்" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஊற்றிக் கொடுத்தேன்.

வாயு லிங்கம், குபேர லிங்கம், இடுக்குப் பிள்ளையாரின் குறுகிய வாசல்களில் ஊர்ந்து வெளிவந்து, ஈசான்ய லிங்கம்... மீண்டும் ராஜகோபுரம் கண்ணில் பட்டபோது கண் கலங்கிவிட்டது. கணவருக்குப் போன் செய்தேன். "முடிஞ்சுதா? கால் எப்படியிருக்கு?" என்றார். "வேண்டுதலும் முடிஞ்சுது, காலும் நல்லாயிருக்கு" என்றேன்.

சகோதரிகளே, நடைப் பிரார்த்தனை இருந்தால் முன்கூட்டியே காலைப் பழக்குங்கள். அன்று பட்டினி வேண்டாம். ரத்தக் கொதிப்பு, இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களும் உப்பையோ இளநீரையோ கூட்டுவதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள். சும்மா இருக்கும்போதே அடிக்கடி கால் இழுத்தாலும் அப்படியே. அண்ணாமலையார் நம் வயிற்றைக் காயப்போடச் சொல்லவில்லை.