சொன்ன தேதி

ஏற்காட்டுச் சேர்வராயன் கோயிலுக்குச் சென்று வந்தவர்கள் அறிவார்கள். அந்தச் சந்நிதிக்குள் நிமிர்ந்த தலையுடன் எவரும் நுழைய இயலாது. ஏறத்தாழ 5,300 அடி உயரத்தில், பரந்த புல்வெளியை அடுத்த தாழ்ந்த குகைக்குள் சேர்வராயரும் காவேரி அம்மனும் எழுந்தருளியிருக்கிறார்கள். அங்கே குனிவதற்கு எனக்கு மட்டும் இன்னொரு காரணம் உண்டு.

1989-ஆம் ஆண்டு, ஏற்காட்டில் வங்கிப் பணியில் இருந்தேன். சிறிய காப்பித் தோட்டம் வைத்திருந்த பெரியவர் ஒருவரின் வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தோம். சேலத்திற்கு மாறுதல் உத்தரவு வந்தது. அவர் கேட்பதற்கு முன்பே, "ஏப்ரல் 30-ஆம் தேதி சாவியைத் தந்துவிடுகிறேன், ஐயா" என்று நானே சொன்னேன். அந்தச் சொல்லை நம்பி, மே மாதம் நடைபெறும் சேர்வராயன் திருவிழாவிற்குக் குடும்பத்துடன் வந்து தங்கும்படி வெளியூரில் இருந்த மகனுக்கு அவர் கடிதம் எழுதிவிட்டார்.

ஏப்ரல் 30 கடந்தது. சேலத்தில் நான் கட்டிக்கொண்டிருந்த வீட்டிற்குத் தரை போட்டு முடியவில்லை. அதுவரை அங்கே வேறு வீடு பார்த்திருக்கலாம். முன்பணம் கொடுக்க மனம் வரவில்லை. "இன்னும் பதினைந்து நாள், ஐயா" என்றேன். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. வழக்கு என்று போனால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அவர் போகமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். முதல் தேதியன்று வாடகையைக் கொடுத்துவிட்டேன். ஆகவே என்மேல் குற்றமில்லை என்று எண்ணிக்கொண்டேன். தவணை ஒரு நாள் தப்பினாலும் வட்டி கணக்கிட்ட கை இது!

திருவிழாவன்று பலகாரம் கொடுத்துவரச் சென்ற என் மனைவி, கண் கலங்கித் திரும்பினாள். பெரியவரின் மகனும் மருமகளும் பேரக்குழந்தைகளும் காப்பி மூட்டைகள் அடுக்கியிருந்த கொட்டகையில் தங்கியிருந்தார்கள். ஈரக் குளிரில் சிறியவன் விடாமல் இருமிக்கொண்டிருந்தானாம்.

உடனே ஓடிச்சென்று மன்னிப்புக் கேட்டேன். கூடுதல் வாடகை தருவதாகவும் சொன்னேன். பெரியவர் பணத்தைத் தொடவில்லை. "வாடகை நீங்க பாக்கி வைக்கல, சார். நாள் குறிச்சது நீங்கதானே? அதை நம்பித்தான் பிள்ளைக்குக் கடுதாசி போட்டேன்" என்றார், குரலை உயர்த்தாமல். அந்த வாரமே சேலத்தில் ஒரு வாடகை வீடு பிடித்துக் குடிபெயர்ந்தோம்.

இங்கிலாந்தில் 1737-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, தானே அறிவிப்புக் கொடுத்துவிட்டுக் குறித்த நாளில் வெளியேறாத குடித்தனக்காரர் இரு மடங்கு வாடகை தரவேண்டும் என்றது. தமிழக நகர்ப்புறங்களுக்காக 2017-இல் இயற்றப்பெற்று 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டமும், குடித்தனம் முடிவுற்ற பின்னும் காலி செய்யாதவருக்கு இரு மடங்கு வாடகை விதிக்கிறது. நியாயமான சட்டங்களே. ஆனால் அந்தக் குழந்தையின் இருமலுக்கு எத்தனை மடங்கு கொடுத்தால் ஈடாகும்? நாள் தவறும் என்று தெரிந்தால், முன்கூட்டியே சென்று உண்மையைச் சொல்லி அனுமதி கேட்கவேண்டும். மறுத்தால் வெளியேற வேண்டும். அதுதான் மரியாதை.

அண்மையில் ஒரு மே மாதத்தில் கோயிலுக்குச் சென்றிருந்தேன். பெரியவர் இப்போது இல்லை. வரிசையில் நின்ற அவர் மகன் என்னை அடையாளம் கண்டு அருகில் வந்தார். பழையதை ஒரு வார்த்தையும் எடுக்கவில்லை. குகை வாசலில் என் கையைப் பற்றிக்கொண்டு, "தலையைக் குனிஞ்சு வாங்க, சார். பாறை இடிக்கும்" என்றார். குனிந்தேன். கண்ணீரை மறைக்க அந்த இருட்டு உதவியது.

இந்த உடலாகிய வீட்டைக் காலி செய்யும் நாள் நம் கையில் இல்லை. அதைக் குறிப்பவன் இறைவன். நாமே வாய் திறந்து சொல்லும் நாளையாவது தவறாமல் காப்போம். அதற்கு அந்தச் சேர்வராயரும் காவேரித் தாயும் அருள்புரியட்டும்.