ஜெயித்த பிறகு 'நம்ம பொண்ணு'

2004 அக்டோபரில் முதல் 'மலேசியன் ஐடல்' பட்டத்தை ஜேக்லின் விக்டர் வென்றபோது அவருக்கு வயது 25. பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளிலிருந்து கிள்ளான் தெங்கு கிளானா சாலை வரை எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு: 'நம்ம பொண்ணு ஜெயிச்சிருச்சு!'

நானும் அப்படித்தான் சொன்னேன். பெருமைப்படக் காரணமும் இருந்தது. அந்தப் போட்டியில் நடுவர்கள் கருத்துச் சொல்வார்கள். முடிவு மக்கள் போடும் ஓட்டில். அப்போது மலேசியாவில் இந்தியர்கள் ஏழெட்டு விழுக்காடுதான் இருந்தார்கள். நாம் மட்டும் ஓட்டுப் போட்டு யாரையும் ஜெயிக்க வைக்க முடியாது. மலாய்க்காரர், சீனர், சபா, சரவாக் மக்கள் எனப் பலரும் அந்தக் குரலுக்காகக் கைத்தொலைபேசியை எடுத்திருக்கிறார்கள்.

பிறகு வந்தது அவருடைய முதல் தனி ஆல்பம், 'கெமிலாங்'. மலாய் மொழியில் ஒளிவீசும் வெற்றி என்று பொருள் கொள்ளலாம். அதே பெயர் கொண்ட பாட்டுக்கு இசை ஆப்ரி சுவிட்டோ, வரிகள் அஸ்மின் முடின். டிவி3-இன் 20ஆவது 'அனுகெரா ஜுவாரா லாகு' போட்டியில் ஒட்டுமொத்த வெற்றியாளர் அந்தப் பாட்டுதான். மலாய் இசை உலகம் ஆண்டுதோறும் காத்திருக்கும் மேடை அது. போட்டியில் ஜெயித்துவிட்டு அடுத்த ஆண்டே மறக்கப்படுகிறவர்கள் நிறைய. ஜேக்லின் மறக்கப்படவில்லை. 2007இல் ஜகார்த்தாவில் நடந்த 'ஏசியன் ஐடல்' போட்டியிலும் மலேசியாவின் சார்பில் பாடியவர் அவரே.

இந்தக் கதையில் நாம் தாண்டிப்போகிற ஒரு பகுதி இருக்கிறது. ஐடல் மேடைக்கு வருவதற்கு முன்பே அவர் பல ஆண்டுகள் இரவு விடுதிகளில் பாடிச் சம்பாதித்தவர். அந்த வேலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கீழே ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டும் பேசிக்கொண்டும் இருப்பார்கள். கேட்காதவர்களுக்கும் பாட வேண்டும். கேட்ட பாட்டை உடனே பாட வேண்டும். தொண்டை கட்டினாலும் மறுநாள் போக வேண்டும்.

அந்த ஆண்டுகளில் யாராவது 'நம்ம பொண்ணு' என்று சொல்லியிருப்போமா? ராத்திரியில் விடுதியில் பாடுகிற பெண்ணைப் பற்றி நம் வீடுகளில் எப்படிப் பேசுவோம் என்பது நமக்கே தெரியும்.

வானொலியில் வேலை செய்வதால் என்னிடம் இதைக் கேட்கிற அம்மாக்கள் அதிகம். கிள்ளானில் ஒரு கல்யாண வீட்டில் ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, என் மக நல்லாப் பாடுறா. பேங்க் வேலைய விட்டுட்டு பாட்டுன்னு நிக்கிறா. இது சோறு போடுமா?" என்றார். மகள் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றாள்.

பொய் சொல்ல மனம் வரவில்லை. "எல்லாருக்கும் போடாதும்மா. வேலைய இப்ப விட வேணாம். ஆனா சனிக்கிழமை ராத்திரி அவ பாடப் போனா, கூட ஒரு ஆள் போய் உட்காருங்க" என்றேன். அந்த அம்மா முகத்தில் திருப்தி இல்லை. மகள் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

'முதலில் பேர் வாங்கட்டும், அப்புறம் பார்ப்போம்' என்கிறோம். பேர் வாங்குகிறவரை ஆகும் ஐந்து, ஆறு ஆண்டுகளை யார் தாங்குவது? டியூஷனுக்கு மாதாமாதம் ரிங்கிட் எண்ணித் தருகிற நாம், மகள் ஸ்டூடியோவில் ஒரு பாட்டுப் பதிவு செய்யப் பணம் கேட்டால் வீண் செலவு என்கிறோம். மகன் கித்தார் வாங்கினால் பொழுதுபோக்கு. மகள் மேடை ஏறினால் 'நாலு பேர் என்ன சொல்வாங்க?'

அந்த நாலு பேரும் ஜேக்லின் ஜெயித்த இரவில் கை தட்டியவர்கள்தான். உங்கள் வீட்டிலும் பாடுகிற பெண் இருந்தால், அடுத்த முறை அவள் பாடும் இடத்துக்கு ஒரு தடவை போய்வாருங்கள். முன்வரிசை நாற்காலி பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும்.